பச்சை வானத்தில் சிவப்புக் கொடி

ட்ரோன் பறக்க மத்திய அரசு வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஆனால் பெருநகரங்களில் வானத்தின் சாவி போலீஸ் கமிஷனர்களின் கையில். இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறார்கள் சாதாரணக் குடிமக்கள்.

2022 ஜனவரி 29. தில்லி விஜய் சவுக். குடியரசு தின விழாவின் நிறைவாக நடக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் அன்று புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. தில்லி ஐ.ஐ.டி.யில் உருவான ஓர் இளம் நிறுவனத்தின் 1,000 ட்ரோன்கள் ஒன்றாக எழும்பி, 10 நிமிடம் இருண்ட வானத்தில் ஒளிக்கோலம் போட்டன. இத்தனை ட்ரோன்களை வைத்து இப்படிச் செய்த நான்காவது நாடு இந்தியா என்று அமைச்சர்கள் பெருமைப்பட்டார்கள்.

அதே வட்டாரத்தில் 2019 செப்டம்பரில் நடந்தது வேறு கதை. சுற்றுலா வந்த ஓர் அமெரிக்கரும் அவருடைய மகனும் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு அருகே கேமரா பொருத்திய ட்ரோனைப் பறக்கவிட்டார்கள். உடனே கைது. அது எந்த மாதிரி இடம் என்பதை யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நாட்டின் அதிகார மையம் அது. அங்கே தடை இருப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது.

பிரச்சினை விஜய் சவுக்கில் இல்லை. அங்கிருந்து 20 கி.மீ. தள்ளி, புறநகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் இருக்கிறது. அங்கே நிற்கும் வீடியோகாரர் தன் பெட்டியிலிருந்து ட்ரோனை எடுத்து வெளியே வைக்கும்போது எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறார்? மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளுக்கா, நகர போலீஸ் கமிஷனரின் தடையுத்தரவுக்கா? இரண்டுக்கும்தான் என்பது விடை. ஆனால் முதலாவது 'பறக்கலாம்' என்று சொல்லும்போதே இரண்டாவது 'கூடாது' என்று சொல்ல முடியும். பெரும்பாலான சமயங்களில் சொல்லியும்விடுகிறது. ட்ரோன் தொழிலில் உலகின் மையமாக 2030க்குள் இந்தியாவை ஆக்குவோம் என்று அறிவித்திருக்கும் நாட்டில், நகரவாசிக்குத் தலைக்கு மேலே உள்ள 400 அடி வானம் எப்போது திறந்திருக்கிறது, எப்போது மூடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள நேரான வழி இல்லை.

பீட்சாவில் தொடங்கியது

நகர வானத்தின் மீது அரசின் கண் விழுந்ததற்கு ஒரு பீட்சாவுக்கும் பங்குண்டு. 2014 மே மாதம் மும்பையில் ஒரு உணவகம் லோயர் பரேலிலிருந்து சுமார் ஒன்றரை கி.மீ. தொலைவிலிருந்த வொர்லி அடுக்குமாடிக் கட்டிடத்துக்கு ட்ரோன் மூலம் பீட்சா அனுப்பி, அதைப் படமெடுத்து விளம்பரப்படுத்தியது. போக்குவரத்து நெரிசலில் சிக்காமல் சூடு ஆறுவதற்குள் சென்று சேர்ந்த பீட்சாவை ஊரே ரசித்தது, போலீசைத் தவிர. யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று விசாரணை தொடங்கியது. அனுமதி கொடுப்பதற்கு என்று தெளிவான விதியே அப்போது கிடையாது என்பதுதான் வேடிக்கை.

அந்த வெற்றிடத்தை சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தனக்குத் தெரிந்த வழியில் நிரப்பியது. 2014 அக்டோபர் 7 அன்று ஒரு பொது அறிவிப்பு: விதிகள் வகுக்கப்படும்வரை தனியார் யாரும் ஆளில்லா விமானம் பறக்கவிடக்கூடாது. அந்த 'வரை' நான்கு ஆண்டுகள் நீண்டது. அதற்குள் ட்ரோன்கள் கல்யாண ஆல்பங்களிலும் சினிமாக்களிலும் கட்சிப் பேரணிகளிலும் தாராளமாகப் பறந்துகொண்டிருந்தன. தடை இருந்தது, கடைப்பிடிக்கத்தான் ஆளில்லை.

2018 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்த முதல் விதித்தொகுப்பு ஒரு புதிய தத்துவத்தைக் கொண்டுவந்தது: 'அனுமதி இல்லையேல் பறப்பு இல்லை.' டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்திலிருந்து அனுமதி வராவிட்டால் ட்ரோன் தரையைவிட்டு எழும்பவே கூடாது. அதற்கான பூட்டு இயந்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. சந்தையில் விற்ற ட்ரோன்களில் அந்தப் பூட்டு இல்லை.

2021 மார்ச்சில் வந்த விதிகள் இன்னும் கடுமையாக இருந்தன. தொழில்துறை கூக்குரல் எழுப்பவே, ஐந்தே மாதத்தில் அரசு அவற்றைத் தூக்கியெறிந்தது. 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள் முற்றிலும் வேறு முகம் காட்டின. படிவங்கள் 25லிருந்து 5 ஆயின. கட்டண வகைகள் 72லிருந்து 4 ஆயின. விமான நிலையத்தைச் சுற்றி 45 கி.மீ. வரை இருந்த கட்டுப்பாட்டு வளையம் 12 கி.மீ. ஆகச் சுருங்கியது. 'நம்பிக்கையின் அடிப்படையில்' எழுதப்பட்ட விதிகள் என்று அரசு சொல்லிக்கொண்டது.

மூன்று நிற வானம்

இந்த விதிகளின் உயிர்நாடி, 2021 செப்டம்பரில் வெளியான வான் வரைபடம். நாடு முழுவதும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்கள். பச்சையில் 400 அடி உயரம் வரை யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மஞ்சளில் விமானக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எதுவும் நகரக்கூடாது. வரைபடத்தைப் பார்க்கக் கடவுச்சொல் தேவையில்லை, யாரும் பார்க்கலாம். பார்த்துவிட்டுத்தான் பறக்கவிட வேண்டும் என்பது கட்டாயம்.

வயல்வெளிகளுக்கு இது வரப்பிரசாதம். நகரங்களில் கதையே வேறு. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கி.மீ.க்குள் அனுமதி இல்லாமல் பறக்க இடமில்லை. 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்குக் கீழே மட்டும் சுதந்திரம். ஒரு புள்ளியை மையமாக வைத்து 8 கி.மீ. வட்டம் போட்டாலே அதன் பரப்பு 201 சதுர கி.மீ. பெருநகர மும்பையின் மொத்தப் பரப்பு சுமார் 600 சதுர கி.மீ. நகரத்தின் நடுவே சாந்தாகுரூசில் பெரிய விமான நிலையம், பக்கத்திலேயே ஜூஹு, தெற்கே கொலாபாவில் கடற்படை, கிழக்கே டிராம்பேயில் அணு ஆராய்ச்சி மையம். போதாக்குறைக்கு 2025 அக்டோபரில் நவி மும்பை விமான நிலையமும் திறக்கப்பட்டுவிட்டது. வட்டங்கள் ஒன்றின்மீது ஒன்று ஏறி நிற்கின்றன.

தில்லி இன்னும் மோசம். தென்மேற்கே பாலம், நடுவில் சப்தர்ஜங், எல்லைக்கு அப்பால் காஜியாபாத்தில் ஹிண்டன் விமானப்படைத் தளம். 2018 விதிகளிலேயே விஜய் சவுக்கைச் சுற்றி 5 கி.மீ. தடைப் பகுதியாக இருந்தது. தில்லியைப் போலவே சென்னை, மும்பை, கொல்கத்தா, பெங்களூர், ஐதராபாத் விமான நிலையங்களுக்கும் அப்போது தனி வளையம் போடப்பட்டது. இருந்தாலும் 1,483 சதுர கி.மீ. பரப்புள்ள தில்லியில் விளிம்புகள் என்று சில உண்டு. அங்கே வரைபடம் வழிவிடும் இடத்தில்கூட பல மாதங்கள் வானம் மூடிக்கிடக்கிறது. காரணம், வரைபடத்தில் இல்லாத நான்காவது நிறம்: காக்கி.

கமிஷனரின் பேனா

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆவது பிரிவு தமிழர்களுக்குப் புதிதல்ல. நாலு பேர் கூடக்கூடாது என்பதற்கு 'ஒன் ஃபார்ட்டி ஃபோர்' என்றே பெயர் வைத்துவிட்டோம். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆவது பிரிவு வந்துவிட்டது. எண் மாறியது, அதிகாரம் மாறவில்லை. அவசர ஆபத்தைத் தடுக்க ஒரு நிர்வாக மாஜிஸ்திரேட் எந்தச் செயலையும் இரண்டு மாதம் வரை தடை செய்யலாம். தில்லி, மும்பை போன்ற கமிஷனர் ஆட்சி நடக்கும் நகரங்களில் அந்த அதிகாரம் போலீசிடமே இருக்கிறது. உத்தரவு போடுபவரும் அமல்படுத்துபவரும் ஒரே துறை.

ஒவ்வொரு குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் முன்னால் தில்லி போலீஸ் வெளியிடும் உத்தரவின் பட்டியல் கிட்டத்தட்ட மனப்பாடமானது: பாராகிளைடர், பாராமோட்டார், ஹேங் கிளைடர், ஆளில்லா விமானம், மைக்ரோலைட், வெப்பக்காற்று பலூன், குவாட்காப்டர், விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிப்பது. 2021ல் சுதந்திர தினத்தையொட்டிய தடை ஜூலை 16 முதல் ஆகஸ்ட் 16 வரை, 32 நாட்கள். செங்கோட்டையில் விழா நடப்பது சில மணி நேரம். தடை ஒரு மாதம். அதுவும் செங்கோட்டை வட்டாரத்துக்கு மட்டுமல்ல, தலைநகர் முழுவதற்கும்.

மும்பையில் விழாவே தேவையில்லை. 2022 நவம்பர் 13 முதல் டிசம்பர் 12 வரை 30 நாட்களுக்கு ட்ரோன், தனியார் ஹெலிகாப்டர், பாராகிளைடர், வெப்பக்காற்று பலூன் எல்லாவற்றையும் மும்பை போலீஸ் தடை செய்தது. தீவிரவாதிகளும் சமூக விரோதிகளும் இவற்றைப் பயன்படுத்தி முக்கியப் பிரமுகர்களைத் தாக்கலாம் என்பது காரணம். இத்தகைய 30 நாள் உத்தரவுகள் மும்பைவாசிகளுக்குப் பழகிப்போன செய்தி. விதிவிலக்கு இரண்டே: போலீசின் சொந்த வான் கண்காணிப்பு; செயல்பாடுகள் பிரிவு துணை கமிஷனர் எழுத்துமூலம் கொடுக்கும் அனுமதி.

மீறினால்? மத்திய ட்ரோன் விதிகளின்படி அபராதம் அதிகபட்சம் ரூ.1 லட்சம். போலீஸ் உத்தரவை மீறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆவது பிரிவு: ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ.2,500 அபராதம், அல்லது இரண்டும். மற்றவர் உயிருக்கு ஆபத்து ஏற்பட்டால் சிறை ஓராண்டு வரை நீளும். முதலாவது பாக்கெட்டைப் பதம் பார்க்கும். இரண்டாவது ஸ்டேஷனுக்கு அழைத்துப்போகும்.

பயம் பொய்யல்ல

போலீசைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2021 ஜூன் 27 அதிகாலை, ஜம்மு விமானப்படை நிலையத்தின் மீது ட்ரோன்கள் வெடிகுண்டு போட்டன. இருவருக்கு லேசான காயம். கட்டிடக் கூரைக்குச் சேதம். ஆனால் அன்றோடு இந்தியப் பாதுகாப்புத் துறையின் தூக்கம் போனது. கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்தே ஒரு ராணுவ முகாமைத் தாக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. தில்லியின் அந்த 32 நாள் தடை, ஜம்மு சம்பவம் நடந்து மூன்று வாரத்துக்குள் வந்தது என்பதை மறக்கக்கூடாது.

2023 ஜூலையில் ஒரு விடியற்காலை, பிரதமர் இல்லத்துக்கு மேல் ஏதோ பறந்ததாகச் சிறப்புப் பாதுகாப்புப் படை தகவல் கொடுத்தது. தில்லி போலீஸ் அக்கம்பக்கமெல்லாம் சல்லடை போட்டுத் தேடியது. விமானக் கட்டுப்பாட்டு அறையிலும் விசாரித்தது. எதுவும் கிடைக்கவில்லை. இருந்ததா, இல்லையா என்பதையே உறுதி செய்ய முடியாத ஒரு பொருளிடமிருந்து ஒரு பிரதமரைக் காப்பாற்ற வேண்டும் என்பது எந்த அதிகாரிக்கும் கசப்பான வேலை. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூருக்குப் பிறகு, ஒரே இரவில் 36 இடங்களைக் குறிவைத்து 300 முதல் 400 ட்ரோன்களைப் பாகிஸ்தான் அனுப்பியதாக இந்திய ராணுவம் அறிவித்தது. பல நகரங்களில் ட்ரோன் தடை பிறந்தது. அந்த நாட்களில் அதை யாரும் கேள்வி கேட்கவும் இல்லை.

கேள்வி தடையைப் பற்றியதல்ல, அதன் அளவைப் பற்றியது. வெடிகுண்டு போட வருகிறவன் போலீஸ் ஸ்டேஷன் பலகையில் ஒட்டிய உத்தரவைப் படித்துவிட்டு வரப்போவதில்லை. 30 நாள் தடையால் உண்மையில் தரையிறங்குவது யார்? சட்டத்தை மதிக்க நினைப்பவர்கள்தான்.

96 மணி நேரம்

இதற்கு நடுவழி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளில் 'தற்காலிகச் சிவப்பு மண்டலம்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. அவசரத் தேவை ஏற்பட்டால் மாநில அரசோ போலீசோ ஒரு குறிப்பிட்ட பகுதியைத் தற்காலிகமாகச் சிவப்பாக்கலாம். போலீஸ் சூப்பரின்டெண்டன்ட் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி அறிவிக்க வேண்டும். ஒரு தடவைக்கு 96 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அது தெரிய வேண்டும். முக்கியமாக, பகுதியின் அளவு நியாயமானதாக இருக்க வேண்டும். தேவைக்கு மேல் பெரிதாக்கக்கூடாது என்று விதியே சொல்கிறது.

நான்கு நாள், ஒரு வட்டாரம், எல்லோருக்கும் தெரியும் வரைபடம். பிரதமர் வருகிறாரா, கிரிக்கெட் போட்டியா, கணபதி ஊர்வலமா, எதற்கும் இது பொருந்தும். ஆனால் மேலே சொன்ன தில்லி, மும்பை உத்தரவுகளின் வடிவம் வேறு: 30 நாள், முழு நகரம், காகிதத்தில். இவை ட்ரோன் விதிகளின் கீழ் பிறந்தவையல்ல என்பதால் 96 மணி நேர வரம்பு இவற்றைக் கட்டுப்படுத்தாது. ஒரு சட்டம் வாசலில் போட்ட தாழ்ப்பாளை இன்னொரு சட்டத்தின் கொல்லைப்புறக் கதவு வழியாகத் தாண்டிப் போய்விடலாம்.

உத்தரவு மக்களைச் சென்றடையும் விதமும் பழையதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நோட்டீஸ் கொடுக்க முடியாது என்பதால் பத்திரிகைச் செய்தி மூலமும், துணை கமிஷனர் அலுவலகங்கள், தாசில் அலுவலகங்கள், போலீஸ் ஸ்டேஷன்கள், மாநகராட்சி அலுவலகங்கள் ஆகியவற்றின் அறிவிப்புப் பலகைகளில் ஒட்டியும் தெரிவிக்கப்படும் என்று தில்லி உத்தரவுகள் சொல்கின்றன. பறக்கவிடும் முன் வரைபடத்தைப் பார் என்று குடிமகனுக்குக் கட்டளை. அவனைச் சிறைக்கு அனுப்பக்கூடிய உத்தரவோ தாசில் அலுவலகச் சுவரில்.

உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி ஏற்கெனவே பேசியிருக்கிறது, வேறு வழக்கில். காஷ்மீர் இணையதள முடக்கம் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று தந்த தீர்ப்பில், 144ஆவது பிரிவின் கீழ் உத்தரவுகளைத் திரும்பத் திரும்பப் போடுவது அதிகாரத் துஷ்பிரயோகம் என்று கூறியது. உத்தரவுகள் வெளியிடப்பட வேண்டும், ஆபத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது. பேச்சுச் சுதந்திரமும் ட்ரோனும் ஒரே எடைக்கல் அல்லதான். ஆனால் அளவறிந்து தடை போடு என்ற கோட்பாடு இரண்டுக்கும் பொருந்தும்.

காற்றாடியும் காமிராவும்

ஆகஸ்ட் 15 அன்று பழைய தில்லியின் மொட்டை மாடிகளில் நின்று பார்த்தால் இந்தக் குழப்பத்தின் நகைச்சுவைப் பக்கம் தெரியும். வானம் முழுக்கக் காற்றாடிகள். சுதந்திர தினத்தில் காற்றாடி விடுவது தில்லியின் பரம்பரைப் பழக்கம். 1934ஆம் ஆண்டு விமானச் சட்டம் 'விமானம்' என்ற சொல்லுக்குத் தந்த விளக்கத்தில் காற்றாடியும் அடக்கம். ஆனால் எந்தச் சிறுவனையும் போலீஸ் பிடித்துப்போவதில்லை. கழுத்தை அறுக்கும் சீன மாஞ்சாவை 2017 ஜனவரியில் தில்லி அரசு தடை செய்தது, காற்றாடியை அல்ல. ஆபத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தடை செய்ய நிர்வாகத்துக்குத் தெரியும் என்பதற்கு இதுவே சாட்சி.

காற்றாடிக்கும் ட்ரோனுக்கும் நேரடிச் சண்டையும் நடந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் பஞ்சாப்-ஹரியானா எல்லையில் ஷம்புவில் திரண்ட விவசாயிகள் மீது ஹரியானா போலீஸ் ட்ரோன்களிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டது. விவசாயிகள் காற்றாடி விட்டு, நூலில் ட்ரோனைச் சிக்கவைக்கப் பார்த்தார்கள். தடையுத்தரவுகளில் வெளியே சொல்லப்படாத ஒரு விஷயத்தை அந்தக் காட்சி வெளிச்சம் போட்டது: வானம் காலியாக இல்லை. ஊர்வலம், போராட்டம், விழா எங்கும் போலீசின் ட்ரோன் பறக்கிறது. மேலேயிருந்து பார்க்கும் உரிமை ஒருவழிப் பாதையாகிவிட்டது.

இதனால் அடிபடுகிறவர்கள் யார்? கல்யாண வீடியோகாரர்களைத் தவிர, கட்டிடங்களையும் பாலங்களையும் ஆய்வு செய்யும் சர்வேயர்கள், வெள்ளம் வடியாத குடியிருப்பைப் படமெடுக்க நினைக்கும் நிருபர்கள், போட்டிக்கு மாதிரி செய்யும் பொறியியல் மாணவர்கள். முகூர்த்த மாதங்களில் 30 நாள் தடை என்பது வீடியோகாரருக்கு ஒரு சீசன். வாடிக்கையாளர் ட்ரோன் காட்சி கேட்கிறார்; இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போகிறார். அடுத்த கடைக்காரர் உத்தரவைப் பற்றிக் கவலைப்படாதவராக இருக்கலாம். பிடிபட்டால் மட்டும்தான் குற்றம் என்ற நிலை வந்ததும், பிடிக்கும் கான்ஸ்டபிளின் தயவு ஒரு விலைப்பொருளாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

எது முறையான ட்ரோன், எது முறையற்றது என்று பொதுமக்களுக்குத் தெரியாமலிருப்பதும் விபரீதம். 2025 மழைக்காலத்தில் மேற்கு உத்தரப் பிரதேசத்தின் ஊர்களில் திருடர்கள் ட்ரோன் விட்டு வீடுகளை நோட்டம் பார்க்கிறார்கள் என்று வதந்தி பரவியது. ஜனங்கள் தடியோடு இரவு முழுக்கக் காவல் காத்தார்கள், அப்பாவிகள் அடிபட்டார்கள். அனுமதியின்றிப் பறக்கவிட்டால் குண்டர் தடுப்புச் சட்டம், தேவைப்பட்டால் தேசியப் பாதுகாப்புச் சட்டம் என்று மாநில முதல்வர் எச்சரித்தார். அதற்கும் வதந்தி அடங்கவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் ரேபரேலி மாவட்டத்தில் 'ட்ரோன் திருடன்' என்ற சந்தேகத்தில் ஒரு தலித் அடித்தே கொல்லப்பட்டார். தலைக்கு மேலே மினுக்கும் வெளிச்சம் யாருடையது என்று கேட்கவும் பதில் பெறவும் ஓர் இடம் இல்லாத ஊரில் வதந்திதான் சட்டம்.

பறக்கவிடும் முன்

இன்றைய நிலையில் நகரத்தில் ட்ரோன் வைத்திருப்பவர் செய்யக்கூடியது என்ன?

முதலில் பதிவு. ட்ரோனுக்குத் தனி அடையாள எண் பெற வேண்டும், கட்டணம் ரூ.100. அடுத்து பைலட் சான்றிதழ். 250 கிராம் வரையிலான நானோ ட்ரோனுக்கும், வியாபார நோக்கமில்லாத 2 கிலோ வரையிலான ட்ரோனுக்கும் இது தேவையில்லை. மற்றவர்கள் அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் பயிற்சி பெற வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். சான்றிதழ் 10 ஆண்டு செல்லும். நானோவைத் தவிர எல்லா ட்ரோனுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியிலிருந்து தடை விதிக்கப்பட்டதால், வாங்கும்போது ரசீதையும் அங்கீகாரத்தையும் பார்த்து வாங்குவது நல்லது.

பறக்கவிடும் அன்று காலையில் வரைபடத்தைத் திறந்து இடத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். நேற்று பச்சை என்பதால் இன்றும் பச்சை என்று நம்பக்கூடாது. பச்சையாக இருந்தாலும் அதோடு நிற்காமல் உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் 163ஆவது பிரிவின் கீழ் தடை ஏதும் அமலில் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். இருந்தால் துணை கமிஷனர் அலுவலகத்தில் இடம், தேதி, நேரம், ட்ரோனின் எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் அனுமதி கேட்க வேண்டும். வாய்மொழி அனுமதி கான்ஸ்டபிள் மாறியதும் காற்றில் போய்விடும். அனுமதிக் கடிதத்தின் நகல் கையில் இருக்கட்டும். அடுத்த வீட்டு மாடியையும் ஜன்னலையும் படமெடுக்காமல் இருப்பதற்கு எந்த விதியும் தேவையில்லை, இங்கிதம் போதும்.

ஒரே வரைபடம்

தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதல்ல. போலீஸ் போடும் ஒவ்வொரு ட்ரோன் தடையும் அது தொடங்கும் நிமிடத்திலேயே தேசிய வரைபடத்தில் சிவப்பாகத் தெரிய வேண்டும். தெரியாத தடை செல்லாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்; அதிகாரிகள் தாமாகவே ஏற்றிவிடுவார்கள். முழு நகரம் என்பதற்குப் பதில் வட்டாரம், மாதம் என்பதற்குப் பதில் நாள். நீட்டிக்க வேண்டுமென்றால் புதிய காரணம். அனுமதி கேட்கும் மனுவுக்கு இத்தனை நாளில் பதில் என்ற கெடு.

நியூயார்க் இதற்கு ஓர் உதாரணம். பல பத்தாண்டுகளாக நடைமுறையில் ட்ரோனுக்கு இடமே கொடுக்காத நகரம் அது. 2023 ஜூலையில் அங்கே போலீஸ் துறையே அனுமதிச்சீட்டு முறையைக் கொண்டுவந்தது: 30 நாள் முன்னதாக விண்ணப்பம், 150 டாலர் கட்டணம், எங்கிருந்து ஏறி எங்கே இறங்கும் என்ற விவரம். கெடுபிடியான விதிதான். ஆனால் எழுத்தில் இருக்கும் விதி. மனுவை யாரிடம் கொடுப்பது என்று அங்கே யாரும் அலைய வேண்டாம்.

இயந்திரத்துக்குள் பூட்டு வைக்கும் 2018ஆம் ஆண்டு யோசனையும் செத்துவிடவில்லை. பறக்கும் ட்ரோன் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிப்பது, தடைப் பகுதிக்குள் நுழைய மறுப்பது போன்ற அம்சங்களைப் பின்னர் கட்டாயமாக்கலாம், அதற்குக் குறைந்தது ஆறு மாத அவகாசம் தரவேண்டும் என்று 2021 விதிகள் வழி வைத்திருக்கின்றன. தன் பெயரைச் சொல்லிக்கொண்டு பறக்கும் ட்ரோன்களுக்கு நடுவே பெயர் சொல்லாத ஒன்று வந்தால், அதைத்தான் போலீஸ் தேட வேண்டியிருக்கும். எல்லோரையும் தரையிறக்கிவிட்டு வெற்று வானத்தை வெறித்துப் பார்ப்பதைவிட அது புத்திசாலித்தனம்.

மத்திய அரசின் கவனம் வேறு திசையில் திரும்பியிருப்பது தெரிகிறது. 2025 செப்டம்பரில் சிவில் ட்ரோன் மசோதாவின் வரைவைப் பொதுமக்கள் கருத்துக்காக அது வெளியிட்டது. பதிவும் காப்பீடும் சட்டக் கட்டாயம், மீறினால் பறிமுதல், சிறை என்று வரைவின் குரல் கண்டிப்பானது. 'நம்பிக்கையின் அடிப்படையில்' என்ற 2021ன் வாசகத்திலிருந்து இது வெகு தூரம் என்று தொழில்துறையினர் முணுமுணுத்தார்கள். தண்டனையைக் கூட்டுவதில் தவறில்லை. ஆனால் எது குற்றம் என்பது ஒரே இடத்தில், ஒரே வரைபடத்தில், எல்லோருக்கும் தெரியும்படி இருந்த பிறகுதான் தண்டனைக்கு நியாயம் பிறக்கும்.

அதுவரை தில்லியிலும் மும்பையிலும் ட்ரோன் வைத்திருப்பவர் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பதற்கு முன் ஸ்டேஷன் அறிவிப்புப் பலகையைப் பார்ப்பது உத்தமம்.